தகட்டைத் துடைக்காத அக்கா எழுதுவது

என் லூர்துக் கண்ணு,

"என்னக்கா இப்ப" என்று சலித்துக்கொள்ள நீ இல்லை என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன். வாய் பழகிவிட்டது, என்ன செய்ய?

கல்லறைத் திருநாள் முடிந்து எட்டு நாளாகிறது. உன் குழிக்கு இன்னும் கல் கட்டவில்லை. மண் நன்றாக இறங்கட்டும் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். மழையில் தலைமாட்டுப் பக்கம் சரிந்து கிடந்ததை உன் வீட்டுக்காரர் சவரி மண்வெட்டியால் அணைத்துவிட்டு, செவ்வந்தி மாலை போட்டார். செவ்வந்தி வாசம் உனக்குத் தலைவலி என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சொல்ல வேண்டியது வேறு இருந்தது.

நீ முதலில் ஜெசியைத்தான் கேட்பாய். உன் மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். காலையில் அப்பாவுக்கும் சேர்த்துச் சோறு வடித்து வைத்துவிட்டு ஆலங்குடிப் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறாள். சாப்பிடுகிறாளா என்றால், தட்டில் போட்டுக்கொள்கிறாள். நீ போனதிலிருந்து தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. அந்த முடி நார் மாதிரி ஆகிவிட்டது. துக்கத்தில் பிள்ளை அப்படி இருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

உன்னோடு தென்னை ஏறிய ஏழு பெண்களில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். "கத்துக் குடுத்தவளே விழுந்துட்டா, நீ எம்மாத்திரம்?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. பதில் என்னிடம் இருந்தது லூர்து. மூன்று மாதமாக அதைத் துணியில் சுற்றி என் பீரோவில் வைத்திருந்தேன்.

ஊர் சொன்னதைக் கேள். நீ மரத்தின் மேலே போய் போன் பேசினாயாம், கால் தவறிவிட்டதாம். கீழே உன் பக்கத்தில் போன் கிடந்ததை வைத்து யாரோ ஒருவர் ஆரம்பித்து வைத்தது. தோப்புக்காரர் அதைச் சொன்னார், தண்ணீர் பாய்ச்ச வந்தவர் அதையே சொன்னார், கடைசியில் போலீஸ்காரர்களும் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு பெண்ணின் கால் வாரையும் குனிந்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கைவைக்க விடுவாய் நீ. உனக்குப் போய்க் கவனக்குறைவு! உன்னை அடக்கம் பண்ணிய அன்று சவரியும் என் பக்கத்தில் வந்து நின்று, "போன எடுக்கப் போயித்தான் விழுந்தாளோ அக்கா?" என்று கேட்டார். எனக்கு அப்போது நிஜமாகவே தெரியாது. தெரிந்தது மறுநாள்.

நீ மரம் ஏறுகிற மெஷின் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டம். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் போட ஒரு கம்பிக் கயிறு, மரத்தில் பதிய ஒரு தகடு, தகட்டின் மேல் கனமான ரப்பர். மிதித்தால் கவ்வும், தூக்கினால் விடும். ரப்பர் இல்லாமல் வெறும் இரும்பு மட்டும் என்றால் மரத்தில் நிற்காது. உன் வலது கால் சட்டத்தில் அந்த ரப்பர் பாதி பிய்ந்து தொங்கியது. தகடு துருப்பிடித்திருந்தது.

ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழாவுக்கு நான் வந்தபோது அதைத் தூக்கிக் காட்டினாய்.

"ஆலங்குடியில குடுத்து ரெண்டு போல்ட்டு போட்டுக்கிறேன்க்கா."

"போல்ட்டு எதுக்குடி? பஸ்ஸு கூரையையே நாங்க பசையில ஒட்டுறோம். இத ஒட்ட மாட்டமா?"

"மேல இருக்கறப்ப பிச்சுக்கிட்டா?"

"பிச்சுக்கிட்டா என் பேர மாத்தி வச்சுக்கிறேன்."

அப்படிச் சொன்னவள் இன்னும் பிலோமினா என்றுதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டு, "பசை தடவுற வேல" என்று நான் சொன்னதும் நீ சிரிப்பாய். கீரனூரிலிருந்து திருச்சிப் பக்கம் தினமும் நின்றுகொண்டே பஸ்ஸில் போய்ப் பசை தடவிவிட்டு வருகிறேன், பதினாறு வருடமாக. பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிற கம்பெனி. அங்கே நான் கற்றுக்கொண்டதை உனக்கு ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. நீயும் பொறுமையாகக் கேட்டதில்லை. இப்போது கேள்.

இரும்பு ஒருபோதும் வெறும் இரும்பாக இருக்காது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும், அந்த நொடியே காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் ஒட்டுகிற எப்பாக்ஸிப் பசை இரும்பைப் பிடிப்பதில்லை, அந்த ஆக்சைடுத் தோலைத்தான் பிடிக்கிறது. தோலின் மேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பசையின் மூலக்கூறிலும் அதே மாதிரி முனைகள் உண்டு. இரண்டும் தொடுகிற அளவுக்கு நெருங்கினால் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிடியும் அற்பம்தான். கோடிக்கணக்கில் சேரும்போது பஸ்ஸின் கூரையைத் தாங்குகிறது.

துருவும் ஆக்சைடுதான். ஆனால் அது தோல் இல்லை, பொருக்கு. பசை துருவைக் கெட்டியாகப் பிடிக்கும். துரு இரும்பைப் பிடிக்காது, உதிர்ந்துவிடும். அதனால்தான் துருவைத் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடைத்து, புதுத்தோல் கெடுவதற்குள் ஒட்டிவிட வேண்டும் என்று சட்டம். தேய்த்த தகட்டை ஒரு ராத்திரி வெளியில் போட்டு வைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடுவில் கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் படலம் வந்தால் போதும், பசை அந்தத் தோலைத் தொடவே தொடாது. மேலோட்டமாக ஒட்டின மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தகட்டில் ஊற்றினால் தண்ணீர் ஒரே படலமாகப் பரவ வேண்டும். துளித்துளியாகத் திரண்டு ஓடினால் எண்ணெய் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஒட்டினால் நான் திட்டுகிற திட்டில் அழுதுவிடுவார்கள். ஒரு பெண் என்னால் வேலையை விட்டே போயிருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தகட்டைத் தேய்த்தேன். தின்னரால் துடைத்தேன். அதற்குள் கோயிலில் மணி அடித்துவிட்டது, சப்பரம் பார்க்கப் போகிற அவசரம். "காலையில ஒட்டிக்கிருவோம்" என்று ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அப்போதே ஒட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவிழாப் பூசைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. பசையைக் கலந்தேன். தின்னர் பாட்டில் பையில்தான் இருந்தது. திறந்தால் கையில் வழியும், சேலையில் பட்டால் கறையாகிவிடும். நேற்றுத்தானே துடைத்தோம் என்று விட்டுவிட்டேன். தண்ணீரும் ஊற்றிப் பார்க்கவில்லை. வீட்டுக் காரியத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தேனோ என்னவோ. உன் உயிர் வீட்டுக் காரியமாகிவிட்டது எனக்கு.

தேங்காயெண்ணெய் வாசம் வந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். வந்திருக்கும். உன் வீட்டில் எதில்தான் அந்த வாசம் இல்லை? தலையணையில் உண்டு, கதவில் உண்டு, உன் கையில் எப்போதும் உண்டு. அங்கே வந்து யார் மூக்கு அதைத் தனியாகக் கண்டுபிடிக்கும்?

மறுநாள் இரண்டடி உயரத்துக்கு ஏறி நின்று குதித்துப் பார்த்தாய். நின்றது. எனக்குப் போன் போட்டு, "கம்பெனிக்காரின்னா கம்பெனிக்காரிதான்" என்றாய். அந்தப் பாராட்டை நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொன்னேன். பசை ஓரத்தில் மட்டும்தான் பிடித்திருக்கிறது, அந்த ஓரமும் மழை ஈரம் உள்ளே போகப்போக ஒவ்வொரு மயிரிழையாக விட்டுக்கொண்டிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு மாதம் நீ அதில் ஏறினாய்.

உன்னை அடக்கம் பண்ணிய மறுநாள் அந்தத் தோப்புக்குப் போனேன். மரத்தடிப் பாத்தியில், காய்ந்த மட்டைக்கு அடியில் ரப்பர் கிடந்தது. ஒரு ரப்பர்த் துண்டுக்காக யார் குனிவார்கள்? நான் குனிந்தேன். பசை முழுவதும் ரப்பரோடு வந்திருந்தது. அப்படி வந்தால் என்ன அர்த்தம் என்று என் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். பசை உடையவில்லை, இரும்பை விட்டுவிட்டது.

பசையின் அடிப்பக்கத்தில் நெடுக ஒரு கோடு இருந்தது, குறுக்கே ஒரு கோடு. ஒரு விரல் அகலம். அந்த இரண்டு கோட்டிலும் மெழுகு மாதிரி மழமழவென்று இருந்தது, அதைச் சுற்றிக் கலங்கலாக. சிலுவை. பரீட்சை ஹால் டிக்கெட்டில், புது ஆட்டுக்குட்டியின் நெற்றியில், அப்பாவின் லாரிக் கண்ணாடியில் அந்தோணியார் கோயிலில் மந்திரித்த தேங்காயெண்ணெயைத் தொட்டு அதே விரலால் அதே சிலுவையைப் போடுகிறவள் உன் வீட்டில் ஒருத்திதான். நாம் சப்பரம் பார்க்கப் போன பிறகு, ஜன்னலில் பளபளவென்று இருந்த தகட்டில், அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போட்டிருக்கிறாள்.

ரப்பரை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெசிக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், ஊர் எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்று. இது நல்லவள் மாதிரி இருக்கிறதல்லவா? பசை விட்டுவிட்டது, ஒட்டியது நான்தான் என்று சொல்ல ஜெசி பெயரையே எடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் என்ற வார்த்தையே வேண்டாம். அதைக்கூட நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் பின்னால் ஒளிந்துகொண்டேன் லூர்து. நீ போன் பேசி விழுந்தாய் என்று என் எதிரிலேயே சொன்னார்கள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெசி கீரனூருக்கு வந்து இறங்கினாள். புதுக்கோட்டையில் பஸ் மாறித் தனியாகவே வந்திருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள். சாப்பிடச் சொன்னேன். உட்காரவில்லை.

"அம்மா மெஷின்ல வலது பக்கம் ரப்பர் இல்ல பெரியம்மா. நீங்க எடுத்தீங்களா?"

"எந்த ரப்பரு?" என்றேன்.

"தோப்புலேர்ந்து நீங்க எதையோ முந்தானைல சுத்திக்கிட்டு வந்தீங்க. நான் பாத்தேன்."

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள், பிறகு குறுக்கே.

"இது நான் போட்டது."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மறுநாள்லேர்ந்து."

பிறகு பேசியது முழுவதும் ரப்பரைப் பார்த்துத்தான். "எண்ணெய் வழுக்கித்தான் அம்மா விழுந்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பெரியம்மா. ரப்பருக்குள்ள ஊறி மரத்துல வழுக்கிருச்சோன்னு. மந்திரிச்ச எண்ணெ எப்படி வழுக்கும்னு சாமிகிட்ட கேட்டேன். வேற யார்கிட்ட கேப்பேன்? அதுலேர்ந்து தலைக்குக்கூட எண்ணெ தொடல."

மூன்று மாதம். காய்ந்த தலையோடு என் கண் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தாள். துக்கம் என்றோம்.

இனிமேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எண்ணெ இருந்துச்சு ஜெசி. அது இல்லாட்டி பசை பிடிச்சிருக்கும். ஆனா தகட்டுல எண்ணெ இருக்கும், தூசி இருக்கும், எவனோ கைய வச்சிருப்பான், எல்லாம் இருக்கும்னு வச்சுக்கிட்டுத்தான் ஒட்டுறவ தொடைக்கணும். அதுதான் என் வேலையே. ஒனக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டியதில்ல. எனக்குத் தெரியும். நான் தொடைக்கல. பட்டுச்சேல கட்டியிருந்தேன், கறை பட்டுரும்னு தின்னர எடுக்கல."

"சேலைக்காகவா?"

"ஆமா."

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அழவில்லை. "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒங்க மேல கோவப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். என் மேல பட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு ரப்பரைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "கல்லறைத் திருநாளுக்கு வந்து எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க. எண்ணெயையும் சொல்லுங்க, என் பேரோட சொல்லுங்க. எனக்கு என்ன தாங்கும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க."

சொன்னேன் லூர்து. உன் குழியை மந்திரித்து முடித்துச் சாமியார் அடுத்த வரிசைக்குப் போனதும், மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த நம் ஆட்கள் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். உன்னோடு ஏறிய பெண்களும் வந்திருந்தார்கள். லூர்து போன் பேசவில்லை, ரப்பர் பிய்ந்துவிட்டது, ஒட்டியது நான். எண்ணெய் என்று வந்த இடத்தில் என் நாக்கு நின்றது. "நான்தான் வச்சேன்" என்று ஜெசியே சொன்னாள், அப்பாவைப் பார்த்து.

சவரி உன் குழி ஓரத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அந்த நேரத்துக்கு நான்தான் அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கல. எடுக்கப் போயித்தான் விழுந்தான்னு நெனச்சேன்" என்றார். மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரே வீட்டில் அப்பன் ஒரு மூலையிலும் மகள் ஒரு மூலையிலுமாக, நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று நாலு மாதம் படுத்திருக்கிறார்கள். கொன்றவள் கீரனூரிலிருந்து வாரா வாரம் வந்து இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

வள்ளிக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தாள். நீ பழக்கிவிட்டவர்களில் இன்னும் ஏறுகிற மூன்று பேரில் ஒருத்தி. "அக்கா, நீங்க ஒட்டுனதப் பாத்துத்தானே நாங்களும் அதே பசைய வாங்கி ஒட்டிக்கிட்டோம். மூணு மெஷினையும்" என்றாள்.

அன்று மத்தியானமே மூன்று மெஷினையும் உன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க வாரா வாரம் எண்ணெய் தடவுவது உங்கள் எல்லாருக்கும் பழக்கம். அந்தத் தகட்டைத் தேய்த்துவிட்டு அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இரண்டில் ரப்பர் இறுக்கமாக இருந்தது. வள்ளிக்கண்ணுவின் மெஷினில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்ததுமே தகடு ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம். "போன வாரம் பூரா இதுலதானக்கா ஏறுனேன்" என்றாள். இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை.

நான் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அவள் அதில் ஏறியிருக்கிறாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. உன்னையும் ஜெசியையும் என்னையும் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று மெஷினிலும் ரப்பரைக் கழற்றி, துளை போட்டு, போல்ட் முடுக்கினோம். நீ முதலில் கேட்டதும் அதைத்தான்.

இந்தக் கடிதத்தை அச்சில் கொடுக்கச் சொன்னது ஜெசி. வேறு ஊரிலும் யாராவது இப்படி ஒட்டியிருப்பார்கள் என்றாள். சொல்லிவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் போட்ட போனை எடுக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன், ஆனால் நீ உடனே கொடுத்துவிடுவாய். அவள் உன்னைப் போல இல்லை. அது நல்லதுதான்.

நேற்றுச் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் கேட்டுவிட்டாள். "அம்மா ஒடனே போயிட்டாங்கன்னு சொன்னீங்களே. ஆஸ்பத்திரில நீங்க மட்டும்தான இருந்தீங்க. என்னைக் கேட்டாங்களா?"

"நாளைக்கு நேர்ல வாரேன், வந்து சொல்றேன்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

இது சவரிக்கும் தெரியாது. அவர் லோடோடு திண்டுக்கல் பக்கம் போயிருந்தார். உன்னோடு ஏறியவர்கள் எனக்குத்தான் போன் போட்டார்கள். நான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவு இருந்தது. கையைப் பிடித்ததும் கண்ணைத் திறந்தாய். "ஜெசி வந்துட்டாளா?" என்று கேட்டாய். "வந்துக்கிட்டே இருக்கா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாய். மறுபடியும் அதையே சொன்னேன். ஜெசி அப்போது வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு நான் வழியிலேயே பேசிவிட்டேன். பிள்ளையிடம் எதுவும் சொல்லாதீர்கள், பயந்துவிடுவாள், சாயங்காலம் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று. அவர்கள் அனுப்பியிருந்தால் வந்து சேர்ந்திருப்பாள். நேரம் இருந்தது.

இன்றைக்கு உன் வீட்டுக்குப் போகிறேன். கண்ணு, உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது ஒன்றுதான். அம்மா உன்னை இரண்டு தடவை கேட்டாள், வரவிடாமல் செய்தது நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் கதவைச் சாத்தினால், வெளியில் நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஜெசியின் பெரியம்மா,
பிலோமினா
கீரனூர்